புதுப் பவளாயி

பவளாயி இரண்டாம் பாகம் வெளியான வெள்ளிக்கிழமை, காரைப்பாளையம் அலமேலு தியேட்டரில் காலைக் காட்சி முடிந்து, கூட்டம் வாசலில் நின்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் போன பிறகு, மதியக் காட்சியில் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்க வேண்டிய பேய் உட்கார்ந்திருக்கவில்லை. ஊஞ்சல் மட்டும் ஆடியது. காற்று அடித்தது, கதவு கிரீச்சிட்டது, கதாநாயகன் டார்ச் லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலி ஊஞ்சலைப் பார்த்துத் தொண்டை நரம்பு புடைக்க அலறினான். முன்வரிசையில் யாரோ, "ஏப்பா, எறும்பு கடிச்சிருச்சா?" என்று கேட்க, தியேட்டரே சிரித்தது.

முதல் பாகம் வந்த காலத்தில் இப்படி ஒருத்தரும் சிரித்ததில்லை. காரைப்பாளையத்தில் தறி ஓடாத வீடும் கிடையாது, பவளாயியைப் பார்க்காத ஆளும் கிடையாது. மாமியார் வீட்டார் கிணற்றில் தள்ளிக் கொன்ற பவளாயி, பச்சைச் சேலையும் ஈரத் தலையுமாகத் திரும்பி வந்து, ஊஞ்சலில் உட்கார்ந்து, ஒற்றைப் புருவத்தைத் தூக்கிச் சிரித்த சிரிப்பை அந்த ஊர் தன் சொந்தச் சிரிப்பாகவே எடுத்துக்கொண்டது. ஆட்டோக்களின் முதுகில் அவள் கண்களை வரைந்துகொண்டார்கள், காது குத்துக் கல்யாணங்களில் மைக் செட்காரரிடம் கேட்டு அந்தச் சிரிப்பைப் போட்டார்கள், மருமகள்கள் மாமியார்களிடம் வாயால் சொல்ல முடியாத சிலவற்றைப் புருவத்தைத் தூக்கியே சொல்லிக்கொண்டார்கள். அதனால் இரண்டாம் பாகத்தில் அந்த நடிகை இல்லை, அவருக்குப் பதிலாக வேறொருத்தி என்று தெரிந்தபோது, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் பெண்ணை மாற்றி உட்கார வைத்துவிட்ட மாதிரி ஊருக்கு ஒரு வருத்தம் வந்தது. பழைய நடிகை ஏன் நடிக்கவில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தலையில் தண்ணீர் ஊற்றி ஊற்றி அவருக்குச் சளி பிடித்துவிட்டது என்ற காரணம்தான் எல்லோருக்கும் பிடித்திருந்தது.

ஜனனி ஸ்டுடியோ தங்கமுத்து, படம் விட்டு வருகிறவர்களின் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டி அபிப்பிராயம் கேட்டு யூட்யூபில் போடுகிறவர். அந்த வெள்ளிக்கிழமை அவருக்கு நல்ல அறுவடை.

"பயமே வர்லீங்க," என்றார் டெய்லர் குப்புராஜ். "பாப்கார்ன் தின்னுட்டே பாத்தனுங்க. ஒரு பொரி கீழ சிந்தலீங்க."

"அது சிரிப்புங்களா?" என்றாள் பேக்கரி மாரக்காள். "எங்க மிக்ஸி கெட்டுப்போனப்ப வந்த சத்தமாட்ட இருக்குது."

கரண்ட் ஆபீசில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆன அர்த்தநாரி கொஞ்சம் யோசித்துத்தான் பேசினார். "மொதோப் பாகத்துல அந்தம்மா பாத்தாங்கன்னா நெஞ்சுல பியூஸ் போயிருமுங்க. இவங்க பாக்கறது, சாப்டீங்களான்னு கேக்கறாப்புல இருக்குதுங்க."

கடைசியாக வந்தவள் மோனிஷா. காலேஜில் கடைசி வருடம் படிக்கிறவள். தோழிகள் பின்னால் நின்று தள்ள, மைக்கைக் கையிலேயே வாங்கிக்கொண்டு, "நல்லால்லன்னு சொல்ல மாட்டேங்ண்ணா," என்று ஆரம்பித்தாள். "அதே சேல, அதே கொலுசு, அதே ஊஞ்சல். எல்லாம் இருக்குது. அவங்க இல்ல. ஒருத்தங்க இருந்த எடத்துல இன்னொருத்தங்களக் கொண்டாந்து உக்கார வெச்சா, அவங்க ஆயிருவாங்களா? எத்தன நல்லா நடிச்சாலும் இவங்க அவங்க இல்லீங்ண்ணா."

சொல்லி முடித்த பிறகுதான், பக்கத்தில் நின்ற தோழி தன்னை ஒரு மாதிரிப் பார்ப்பதைக் கவனித்தாள். மைக்கைக் கொடுத்துவிட்டு வேகமாக நடந்தாள்.

மோனிஷாவின் அம்மா கோகிலவாணி, மகள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே ஒரு மழைக்காலக் காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா நாச்சிமுத்து தறிப்பட்டறை வைத்திருப்பவர். நூலைப் பற்றியும் கரண்டைப் பற்றியும் தவிர அதிகம் பேசத் தெரியாதவர். சொந்தக்காரர்கள் பேசி முடித்து அந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்தவள் சம்பூர்ணம். மோனிஷா அவளைச் சித்தி என்று கூப்பிட்டாள். சண்டை போட்டதில்லை, எதிர்த்துப் பேசியதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வந்தாள், பண்டிகைக்கு எடுத்த துணியை நன்றாக இருக்கிறது என்று சொல்லி வாங்கிக்கொண்டாள், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவரிடம் எப்படிப் பேசுவாளோ அப்படி மரியாதையாகப் பேசினாள். சம்பூர்ணமும் அந்த மரியாதையைக் கலைக்காமல் நடந்துகொண்டாள். தங்கமுத்து போட்ட வீடியோவை அன்று ஊரே பார்த்தது. சம்பூர்ணம் தறி ஓடிக்கொண்டிருக்கும்போது சத்தமே கேட்காமல் ஒரு தரம் பார்த்தாள். பிறகு புழக்கடைக்குப் போய் போனைக் காதோடு வைத்து இன்னொரு தரம் கேட்டாள்.

மதியக் காட்சியில் பேய் வராமல் போனதும் தியேட்டர் முதலாளி சென்னியப்பன் படம் அனுப்பிய கம்பெனிக்குப் போன் போட்டார். கம்பெனியில் பார்த்துவிட்டு, படத்தில் ஒரு கோளாறும் இல்லை, மற்ற ஊர்களிலெல்லாம் பேய் நேரத்துக்கு வந்துகொண்டிருக்கிறது, உங்கள் ஊரில் யாராவது ஏதாவது சொன்னீர்களா என்று கேட்டார்கள். சென்னியப்பன் தங்கமுத்துவின் வீடியோவை நினைத்துக்கொண்டு போனை வைத்தார்.

அதே நேரத்தில் மாரக்காளின் பேக்கரி வாசலில், பச்சைச் சேலை கட்டிய ஒருத்தி, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, தேங்காய் பன் தட்டுகளைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். நடிகையாக இருக்குமோ என்று ஒருவருக்குச் சந்தேகம் வந்து போனில் தேடிப் பார்த்தார். புது நடிகை அந்த நேரத்தில் ஹைதராபாத்தில் ஒரு நகைக்கடையைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். அப்படியானால் இது புதுப் பவளாயியேதான் என்று ஆனதும் எல்லோரும் மறுபடி டீயைக் குடித்தார்கள்.

"தலையத் துவட்டீட்டு உள்ள வா அம்மிணி," என்றாள் மாரக்காள். "பன்னு நனஞ்சிரும்."

"அம்மா," என்றாள் பவளாயி. படத்தில் எழுதிக் கொடுத்த தமிழைத் தவிர வேறு தமிழ் அவளுக்கு அப்போது தெரியாது. "என் சிரிப்பில் குறை இருப்பதாகச் சொன்னீர்கள். என்ன குறை என்று சொன்னால் திருத்திக்கொள்வேன்."

மாரக்காளுக்கு முகம் சுருங்கிப்போய்விட்டது. ஊரில் இல்லாத ஒருத்தியைப் பற்றிப் பேசுவது வேறு, அந்த ஒருத்தி கொலுசோடு வந்து கல்லாவுக்கு எதிரில் நிற்பது வேறு. "அட, அது சும்மா வாயில வந்ததுங்க..." என்று இழுத்தவள், பவளாயி போகாமல் நிற்பதைப் பார்த்து, "செரி, ஒருக்காச் சிரி பாக்கலாம்," என்றாள். பவளாயி சிரித்தாள். "இன்னுங் கொஞ்சம் அடித்தொண்டையில," என்றாள் மாரக்காள். "மூக்குல வரப்படாது," என்றார் டீக்காரர் ஒருவர். சாயங்காலம் வரை பேக்கரியில் பேய்ச் சிரிப்பு கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் அவள் டெய்லர் குப்புராஜின் கடைக்குப் போனாள். குப்புராஜ் மிஷினை நிறுத்தாமல் நிமிர்ந்து பார்த்தார், பிறகு மிஷினை நிறுத்திவிட்டார். "பயம் வராததுக்கு உன்னச் சொல்லிக் குத்தமில்ல அம்மிணி," என்றார். "இந்த பிளவுஸ் உன்னோடதில்ல. தோள்பட்ட எறங்கி நிக்குது பாரு. பழைய ஆளுக்குத் தெச்சத உனக்கு மாட்டி உட்டுருக்கறானுங்க." பவளாயி குனிந்து தன் தோளைப் பார்த்தாள். இதுவரை யாரும் அவளிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை. அதன் பிறகு அர்த்தநாரியின் வீட்டுக்குப் போனாள்; அவர் அவளை டிரான்ஸ்பார்மருக்குக் கீழே கூட்டிப்போய், இமைக்காமல் மேலே பார்க்கச் சொல்லி, பார்வையில் எப்படி வோல்டேஜ் ஏற்றுவது என்று காட்டினார். அதன் பிறகு மைக்கில் பேசாதவர்களும் கூப்பிட ஆரம்பித்தார்கள். நடையைக் கொஞ்சம் மெதுவாக நட என்றார்கள், இல்லை வேகமாக நட என்றார்கள், புருவத்தை இடது பக்கம் தூக்கு என்றார்கள், பழையவள் தூக்கியது வலது பக்கம் என்று அடித்துச் சொல்லி, போனை எடுத்துக் காட்டி, சண்டை போட்டுக்கொண்டார்கள். பவளாயி எல்லோரும் சொன்னதைக் கேட்டாள். யார் சொன்னதற்கும் இல்லை என்று சொல்லவில்லை.

ஊருக்கு அவள் பழகிப்போய்விட்டாள். குழந்தைகள் பள்ளிக்கூட வேனிலிருந்து கை காட்டினார்கள், அவளும் காட்டினாள். அவள் நடந்த தெருவெல்லாம் ஈரமாக இருந்தது. குடை கொடுத்துப் பார்த்தார்கள். குடை பிடித்தாலும் அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது, ஏனென்றால் கிணறு அவளுக்குள்ளேதான் இருந்தது. சொட்டிய தண்ணீர் சறுக்குகிறது என்று முதலில் பக்கெட் வைத்தவர்கள், அதை ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு, குடங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். சாயப்பட்டறைக் கழிவு கலக்காத, கல் கட்டிய பழைய கிணற்றின் தண்ணீர். அந்த ஊரில் அப்படி ஒரு தண்ணீரைக் குடித்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, பின்னால் குடத்தை வைத்து, முன்னால் உட்கார்ந்து அபிப்பிராயம் சொன்னார்கள். அந்தத் தண்ணீரில் போட்ட காபியை அவளுக்கும் கொடுத்தார்கள். தியேட்டரில் பேயில்லாத படம் ஓடிக்கொண்டிருந்தது; சென்னியப்பன் தினமும் வந்து, "எப்பம்மா திரும்பி வருவீங்க?" என்று கேட்பார். "இன்னும் கற்றுக்கொண்டு முடியவில்லைங்க," என்பாள் அவள். அந்த 'ங்க' மட்டும் எப்படியோ அவள் தமிழில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் வெளுத்துக்கொண்டே வருவதை முதலில் பார்த்தவள் மாரக்காள்தான். சாயம் சரியாக ஏறாத சேலையைத் துவைக்கத் துவைக்க எப்படி வெளுக்குமோ அப்படி, ஒவ்வொருவர் சொன்னதையும் கேட்டு ஒவ்வொன்றாகத் திருத்திக்கொள்ளத் திருத்திக்கொள்ள, பச்சைச் சேலையின் பச்சை போனது, கையின் நிறம் போனது, கடைசியில் அவள் பேக்கரிச் சுவரில் சாய்ந்து நின்றபோது அவளுக்குப் பின்னால் மாட்டியிருந்த காலண்டரில் அன்றைக்கு முகூர்த்த நாள் என்று போட்டிருப்பதை மாரக்காளால் அவள் ஊடாகவே படிக்க முடிந்தது.

"என்ன அம்மிணி இது," என்றாள் மாரக்காள், கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு. "நீ கொறஞ்சுட்டே வர்றயே."

"பழைய பவளாயி போல ஆகிக்கொண்டு வருகிறேன்ங்க."

"அவளாட்டவும் ஆகல, உன்னாட்டவும் இல்ல. போதும். இனி யாரு வீட்டுக்கும் போகாத."

இந்தப் பேச்சு தெருவில் பரவியது. கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னவர்கள் இப்போது அவளைக் கண்டதும், "எல்லாம் நல்லாத்தான் இருக்குது, ஒண்ணுந் திருத்த வேண்டாம்," என்று கெஞ்சினார்கள். குப்புராஜ் அவள் அளவுக்குப் புதிதாக ஒரு பிளவுஸ் தைத்து எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். போட்டுவிடத் தோள் இருக்கிற இடம் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. அவர் அங்கேயே நடுரோட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டார். பவளாயி அவரைச் சமாதானப்படுத்திவிட்டு, இன்னும் ஒரு வீடுதான் பாக்கி என்று சொல்லி நடந்தாள்.

சம்பூர்ணம் கதவைத் திறந்தபோது மத்தியான ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. பட்டறையில் தறிகள் அடிக்கிற சத்தம் மழை மாதிரி வீட்டுக்குள் பெய்துகொண்டிருந்தது. வாசலில் யாருமில்லை என்று நினைத்து மூடப்போனவள், தரையில் ஈரத்தைப் பார்த்து நின்றாள்.

"மோனிஷா இருக்கிறாரா அம்மா?"

மோனிஷா உள் அறையில் இருந்தாள். குரல் கேட்டதும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். வெளியே வரவில்லை.

"தூங்கறாளாட்ட இருக்குது," என்றாள் சம்பூர்ணம். "நீங்க உக்காருங்க." சமையலறையிலேயே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். துண்டை எடுத்துவந்து அவள் தலையைத் தானே துவட்டினாள். ஊரில் எல்லோரும் குடம் வைத்தார்கள், துண்டைக் கையில் கொடுத்தார்கள். துவட்டிவிட்டது சம்பூர்ணம் ஒருத்திதான். எவ்வளவு துவட்டியும் ஈரம் போகவில்லை, ஆனால் பவளாயி கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கிக்கொண்டாள்.

"எல்லோரும் குறை சொன்னார்கள்," என்றாள் பவளாயி. "குறையைத் திருத்தலாம். உங்கள் மகள் குறையே சொல்லவில்லை. நான் அவர் இல்லை என்று சொன்னார். அது உண்மை. உண்மையை எப்படிங்க திருத்துவது?"

சம்பூர்ணம் அடுப்பில் பாலை வைத்தாள்.

"நானும் திருத்திப் பாத்தனுங்க," என்றாள். "இந்த ஊட்டுக்கு வந்த புதுசுல. அவங்க ரசத்துல பூண்டத் தட்டிப் போடுவாங்கன்னு சொன்னாங்க, தட்டிப் போட்டேன். அவங்க சத்தமே போடாம நடப்பாங்கன்னு சொன்னாங்க, என்ற மெட்டியக் கூடக் கழட்டி வெச்சிருந்தேன் கொஞ்ச நாளு. ஊர்ல யாரப் பாத்தாலும் கேப்பேன். கோகிலாக்கா எப்படிப் பேசுவாங்க, எப்படிச் சிரிப்பாங்க, எதுக்குக் கோவப்படுவாங்கன்னு. அந்தப் புள்ளைக்கு அவங்கம்மா மாதிரி ஒண்ணாவது என்கிட்ட இருக்கட்டும்னு."

"ஆனீர்களா?"

"எங்கீங்க ஆகறது." சிரித்தாள். "ஆனா ஒண்ணு. கேட்டுக் கேட்டு, இந்த ஊர்லயே அவங்களப் பத்தி என்னளவுக்குத் தெரிஞ்சவங்க யாருமில்லாமப் போயிட்டாங்க. அவரே மறந்துட்டாரு. நான் மறக்கல. பல்லின்னா அவங்களுக்குப் பயம். தறி மேல ஒரு பல்லி உளுந்துருச்சுன்னு அன்னைக்குப் பூராத் தறியே போடலயாமா. தறி அச்சுல நூல் கோக்கறப்ப பாடுவாங்களாமா, பாட்டு தெரியாது, அதனால நாப்பது, அறுவதுன்னு நூல் நம்பரையே ராகமா இழுத்துப் பாடுவாங்களாமா. இந்தப் புள்ள பொறந்தப்ப ஆசுபத்திரில எல்லாரும் மூஞ்சியப் பாத்தாங்க, அவங்க மட்டும் காலப் பாத்தாங்களாமா. இந்தக் காலு நல்லா ஓடும்னு சொன்னாங்களாமா. நான் அவங்களப் பாத்ததேயில்ல. இருந்திருந்தா நாங்க ரெண்டு பேரும் நல்லாச் சினேகிதமா இருந்திருப்பம்னு நெனச்சுக்குவேன்."

"நானும் பழைய பவளாயியை அவ்வளவு பார்த்திருக்கிறேன்ங்க," என்றாள் பவளாயி மெதுவாக. "அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை."

"எப்படிங்க கோவம் வரும்? இத்தன நாளு கூடவே குடித்தனம் பண்ணீட்டு."

பால் பொங்கி வழிந்தது. இருவரும் அதைப் பார்க்கவில்லை. அடுப்பை அணைத்தது மோனிஷா. எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை, முகமெல்லாம் வீங்கியிருந்தது.

அம்மாவின் குரல் அவளுக்கு மறந்துபோய்விட்டிருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. போட்டோவில் இருந்த முகத்தைத் தவிர அம்மாவிடமிருந்து அவளிடம் மிச்சம் ஒன்றுமில்லை. அதனால்தான் அந்த இடத்தை அவ்வளவு கெட்டியாகக் காவல் காத்தாள். கேட்டால் சொல்ல ஒருத்தி இந்தச் சமையலறையிலேயே இத்தனை வருடம் இருந்திருக்கிறாள் என்பது அவளுக்குத் தோன்றவேயில்லை.

"ஏஞ் சித்தி எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேக்கல கண்ணு," என்றாள் சம்பூர்ணம், மிஞ்சிய பாலில் காபி கலந்து பவளாயியின் கையில் கொடுத்தபடி. "நானாச் சொன்னா, உங்கம்மாவையும் நானே எடுத்துக்கிட்டேன்னு நெனச்சுக்குவயோன்னு பயம்."

மோனிஷா தரையில் உட்கார்ந்தாள். பிறகு பவளாயியைப் பார்த்தாள். முக்காலிக்குப் பின்னாலிருந்த அரிசி டப்பா பவளாயியின் ஊடாக நன்றாகவே தெரிந்தது. அவளைக் காப்பாற்ற என்ன சொல்ல வேண்டும் என்று மோனிஷாவுக்குத் தெரியவில்லை. நான் சொன்னது தப்பு என்று சொல்லலாம். ஆனால் அது தப்பில்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். அதனால் வாயில் வந்ததைக் கேட்டாள்.

"அக்கா, கெணத்துல உளுந்தப்ப நீங்க என்ன நெனச்சீங்க?"

"பழைய பவளாயி பழி வாங்குவேன் என்று..."

"அவங்கள உடுங்க. நீங்க."

பவளாயி நிமிர்ந்து பார்த்தாள். இதை அவளிடம் டைரக்டர் கேட்டதில்லை. ஊரில் அத்தனை பேர் எதிரில் உட்கார்ந்து பேசினார்களே, அவர்களும் கேட்டதில்லை. குடிக்காத டம்ளரை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தொட்டிலில் குழந்தை இருந்தது," என்றாள். "பசி நேரம். பாலைக் காய்ச்சி இறக்கி வைத்திருந்தேன். விழும்போது அது மட்டும்தாங்க நினைத்தேன். பால் சுடும். யாராவது ஆற்றிக் கொடுக்க வேண்டுமே என்று."

சொல்லும்போதே அவள் விரல்களில் முதலில் நிறம் வந்தது. பிறகு முழங்கை, பிறகு தோள், பிறகு அந்தச் சேலையின் பச்சை. சோறு வேகிற வாசம் வீட்டில் மெல்லப் பரவுவது போல அது வந்தது. அரிசி டப்பா மறைந்தது. சம்பூர்ணம் ஆச்சரியப்படவில்லை. ஆறிப்போன காபியை வாங்கிக் கொட்டிவிட்டு, புதிதாகக் கலந்து, இரண்டு தரம் ஆற்றிக் கையில் கொடுத்தாள்.

மறுநாள் மதியக் காட்சிக்கு ஊரே அவளோடு நடந்தது. குப்புராஜின் பிளவுஸ் அவளுக்கு அளவெடுத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. விளக்குகள் அணைந்ததும் நடுவழியே நடந்துபோய், திரையின் ஓரத்தைப் பிடித்து, சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, திண்ணை ஏறுகிறவள் மாதிரி உள்ளே ஏறினாள். திரையின் கீழ்ப்பக்கம் கொஞ்சம் நனைந்தது.

ஊஞ்சல் காட்சி வந்தது. கதாநாயகன் டார்ச்சை நீட்டினான். அவள் சிரிக்கவில்லை. புருவத்தைத் தூக்கவில்லை. வீட்டுக்கு வந்த ஆளை விசாரிக்கிற குரலில், "குழந்தைக்குப் பால் ஆற்றிக் கொடுத்தீர்களா?" என்று கேட்டாள்.

கதாநாயகனுக்கு எழுதிக் கொடுத்தது அலறல்தான், அவன் அலறினான். தியேட்டரில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவள் ஒவ்வொரு அறையாகப் போய் ஒவ்வொருவரிடமும் அதையே கேட்டுக்கொண்டு போனாள், கொன்றவர்களிடமும் கேட்டாள். கேள்வி கேட்கக் கேட்க, உட்கார்ந்திருந்தவர்களுக்கு முதுகில் ஏதோ ஊர்ந்தது. அர்த்தநாரி பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டார்; அது யார் கை என்று அவர் பார்க்கவில்லை. படம் விட்டதும் ஒரு கூட்டம் நேராக வீட்டுக்கு ஓடிப்போய்ப் பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று பார்த்தது. வெளியூரில் வேலைக்குப் போன மகனுக்கும் கட்டிக்கொடுத்த மகளுக்கும் அன்று காரைப்பாளையத்திலிருந்து போன போன்களில், டவரே கொஞ்ச நேரம் வேலை செய்யாமல் நின்றுவிட்டது.

மற்ற ஊர்களில் பவளாயி இரண்டாம் பாகம் பழையபடி அந்த மிக்ஸிச் சிரிப்பையே சிரித்து ஒரு வாரத்தில் தியேட்டர்களிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. அலமேலு தியேட்டரில் மட்டும் ஓடிக்கொண்டேயிருந்தது. ஈரோட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வேன் பிடித்து வந்து பார்த்தார்கள். ஊருக்குள் சண்டை தீரவில்லை. பழையவள்தான் பேய், இவள் பேயே இல்லை என்று ஒரு கட்சியும், பழையவளைப் பார்த்துக் காட்சி முடிகிற வரைக்கும்தான் பயந்தோம், இவளைப் பார்த்தால் வீட்டுக்குப் போன பிறகுதான் பயமே தொடங்குகிறது என்று ஒரு கட்சியும் பேக்கரியில் பேசிக்கொண்டேயிருந்தன. மாரக்காள் இரண்டு கட்சிக்கும் டீ போட்டாள்.

மோனிஷாவும் சம்பூர்ணமும் தினம் மத்தியானம், ஷிப்ட் மாறுகிற நேரத்தில், கோகிலவாணியைப் பற்றிப் பேசிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. சம்பூர்ணம் தான் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். கோகிலவாணி கோபம் வந்தால் பாத்திரம் கழுவுவாள். சந்தைக்குப் போனால் வேண்டாததையெல்லாம் விலை கேட்பாள். ஒரு முறை நாச்சிமுத்து நாள் முழுக்கத் தன்னிடம் பேச மறந்துபோன கோபத்தில் அவர் சட்டைப் பொத்தான்களையெல்லாம் மாற்றித் தைத்து வைத்துவிட்டாள். நாச்சிமுத்து ஒருநாள் பட்டறை வாசலில் நின்று அதைக் கேட்டுவிட்டு, "அது நெசந்தான்," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று இரண்டு பேரும் குசுகுசுத்துக்கொண்டார்கள்.

ஆடி மாதக் காற்றில் எங்கோ கம்பி அறுந்து, ஒரு மத்தியானம் ஊர் முழுக்கக் கரண்ட் போனது. தறிகள் ஒரே நேரத்தில் நின்றன. அப்படி ஒரு அமைதியில் சம்பூர்ணம் கீரை ஆய்ந்துகொண்டே, "அவ்வளவுதாங் கண்ணு," என்றாள். "எனக்குத் தெரிஞ்சதெல்லாஞ் சொல்லீட்டேன். உங்கம்மாவப் பத்தி இனி எங்கிட்ட ஒண்ணுமில்ல."

சொல்லிவிட்டு அவள் நிமிரவில்லை. இனி இந்தப் பெண் இந்த நேரத்துக்கு இங்கே வந்து உட்கார மாட்டாள் என்று அவளுக்குத் தோன்றியது.

மோனிஷா ஒரு கீரைத் தண்டை எடுத்து ஒடித்தாள். இன்னொன்றை ஒடித்தாள்.

"அப்ப உங்களப் பத்திச் சொல்லுங்க சித்தி," என்றாள். "நீங்க சின்னப் புள்ளைல எதுக்குப் பயப்படுவீங்க?"

சம்பூர்ணம் விளக்கெரியாத அந்தச் சமையலறையை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள், கேள்வி வேறு யாருக்கோ என்பது போல. "எனக்கா?" என்றாள். எழுந்துபோய் அணைந்து கிடந்த அடுப்பை அணைந்திருக்கிறதா என்று பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"எனக்கு யானைன்னாப் பயம்," என்றாள். "எங்கூர்ல தேருக்கு ஒரு யானை வரும். நான் எங்கப்பன் வேட்டிக்குள்ள பூந்துக்குவேன். அந்த யானைக்கு எப்படியோ அது தெரியும்..."

கரண்ட் வந்தது. அக்கம்பக்கத்துப் பட்டறைகளிலெல்லாம் தறிகள் ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தன. நாச்சிமுத்து சுவிட்சு வரைக்கும் போனவர், உள்ளே நடக்கிற பேச்சைக் கேட்டு, கையை எடுத்துக்கொண்டு, தறியைப் போடாமல், நூல் மூட்டை மேல் சத்தமில்லாமல் உட்கார்ந்தார்.